மோசேயின் மாமனார் சொன்னது

(சென்னையில் ஆயர்களும் சபைக்குழு உறுப்பினர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பிற்குரிய ஆயர்களே, சபைக்குழுப் பெரியோர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

திருச்சபைத் தலைவர்களின் ஓய்வைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். ஆயர் ஓய்வெடுப்பதும் எடுக்காததும் அவருடைய சொந்த விஷயம், அவருடைய உடம்பைப் பற்றியது என்று நினைப்பதுதான் நம் வழக்கம். வேதாகமம் அப்படி நினைக்கவில்லை. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேல் ஜனங்களை வழிநடத்திய மோசே காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிறார். ஜனங்களும் காலை முதல் சாயங்காலம் வரை அவருக்கு முன்பாக நிற்கிறார்கள். அதைப் பார்த்த மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, "நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்கிறார். மருமகன் இளைத்துவிடுவாரே என்ற கவலை மட்டும் அவருக்கு இருந்திருந்தால் 'நீர்' என்ற முதல் சொல்லோடு நிறுத்தியிருப்பார். எல்லாக் காரியத்தையும் ஒருவரே பார்க்கிற இடத்தில், காத்து நிற்கிறவர்களும் சேர்ந்தே சோர்ந்துபோகிறார்கள் என்பதை மீதியானிய ஆசாரியனான அவர் ஒரே பகலில் கண்டுகொண்டார். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னது அதனால்தான். மாமனார் சொன்னதையெல்லாம் அப்படியே செய்த மருமகன் என்ற வகையிலும் மோசே ஓர் அபூர்வமான மனிதர்.

நம் ஊரில் ஓர் ஆயரின் டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். கேரல் குழுவோடு வீடு வீடாகப் போய், மூன்றாம் மாடியாக இருந்தாலும் ஏறி, ஒவ்வொரு வீட்டிலும் ஜெபித்து, நீட்டுகிற கேக்கை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கித் தின்று, வீடு திரும்பும்போது நள்ளிரவு கடந்திருக்கும். 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனை. 31ஆம் தேதி இரவு ஆராதனை, அதைத் தொடர்ந்து புத்தாண்டு ஆராதனை. நடுவில் ஒரு மரணம் என்றால் கீழ்ப்பாக்கம் கல்லறைக்கோ காசிமேடு கல்லறைக்கோ போக வேண்டும். அன்று மாலையே யாரோ ஒருவர் வீட்டுப் பிரதிஷ்டைக்குச் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். ஊருக்கெல்லாம் விடுமுறையான ஞாயிறு அவருக்கு வேலை நாள். அதற்கு ஈடாகத் திங்கட்கிழமை ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று நாமே சொல்கிறோம். பிறகு அந்தத் திங்கட்கிழமையிலேயே கல்யாணமும் வைக்கிறோம். போனை ஒரு நாள் அணைத்து வைத்தால், 'ஐயா போனையே எடுப்பதில்லை' என்ற புகார் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்பே செயலரிடம் வந்து சேர்ந்துவிடும்.

இப்படி ஓடுகிறவர் ஒருநாள் உட்கார்ந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று சந்தேகிக்கிறோம், அல்லது புத்தி சொல்லப் போகிறோம். தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் இரண்டையும் செய்யவில்லை. கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய வெற்றிக்குப் பிறகுதான், ராணி யேசபேலின் மிரட்டலைக் கேட்டு வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி எலியா கேட்கிறார். வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. தூதன் இரண்டாம் முறையும் வந்து, பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லி மறுபடியும் சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. அங்கேயும் முடிவில் எலிசாவை அபிஷேகம் பண்ணும்படி சொல்லி, பாரத்தைச் சுமக்க இன்னொரு தோளைத் தேவன் காட்டுகிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மக்களுக்காக ஆலயக் கதவுகளைத் திறந்துவைத்து, இரவு பகலாகச் சோறும் போர்வையும் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தண்ணீர் வடிகிற வரைக்கும் நிமிர்ந்து நின்றுவிட்டு, வடிந்த பிறகு தளர்ந்தவர்களை நாம் பார்த்தோம். அவர்களுக்கு அப்போது அடை சுட்டுக் கொடுத்தது யார் என்று யோசிக்கிறேன்.

ஓய்வு என்று பேசினால் சோம்பலுக்கு இடம்கொடுப்பதாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படுகிற காலத்தில் தளபதி யோவாபை அனுப்பிவிட்டு எருசலேமில் தங்கியிருந்த தாவீது ராஜா, அரண்மனை மாடியில் உலாவும்போது பிறன் மனைவியைக் கண்டு பாவத்தில் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் சபைகளில் தாவீதைப் போல மாடியில் உலாவுகிற ஆயர்களை நான் அதிகம் கண்டதில்லை. உட்கார நேரமில்லாத மோசேக்களையே காண்கிறேன்.

மாற்கு 6ஆம் அதிகாரம் இதைவிட ஆழமானது. ஊழியத்துக்குப் போய்த் திரும்பிய அப்போஸ்தலருக்குச் சாப்பிடவும் சமயமில்லை. வனாந்தரமான ஓரிடத்தில் "சற்றே இளைப்பாறும்படி" இயேசு அவர்களை அழைத்துப் போகிறார். அவர்கள் படகில் போய்ச் சேர்வதற்குள் ஜனங்கள் கால்நடையாய் ஓடி முந்திக்கொண்டார்கள். இயேசு அவர்கள்மேல் மனதுருகிப் போதித்தார், ஐயாயிரம் புருஷர் சாப்பிட்டார்கள். தலைவனுக்கு ஓய்வு கிடையாது என்பதற்கு இந்தப் பகுதியைச் சாட்சியாக இழுக்கிறவர்கள் இந்த இடத்தில் வேதத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த வசனத்திலேயே அவர் சீஷர்களைத் துரிதப்படுத்திப் படவில் ஏற்றி அனுப்புகிறார். கூட்டத்தைத் தாமே நின்று அனுப்பிவைக்கிறார். பின்பு தனியே மலைக்குப் போகிறார். அவசரத்தால் தள்ளிப்போன தனிமையை அன்று சாயங்காலமே தேடிக்கொண்டார். ஜனங்களை வரவேற்கத் தெரிந்த நமக்கு, அன்போடு வழியனுப்பத் தெரியவில்லை.

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய நான்காம் கட்டளையையும் சபைக்குழுவினர் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். நீ ஓய்ந்திரு என்பதோடு அது முடியவில்லை. குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கிற அந்நியன் என்று நீள்கிறது. எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை என்று உபாகமம் 5 அதற்குக் காரணமும் சொல்கிறது. ஆக, ஓய்வெடுக்கக் கடமைப்பட்டவன் ஓய்வு கொடுக்கவும் கடமைப்பட்டவன். அந்தப் பட்டியலில் மனைவி இல்லை. 'நீ' என்பதில் அவளும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள். நம் ஆயர் இல்லங்களில் அது அடங்குவதாகத் தெரியவில்லை. ஆயர் கண்ணயர்ந்திருந்தால், வாசலுக்கு வந்தவரை உட்காரவைத்துக் காபி கொடுத்துக் குறை கேட்பது ஆயரம்மாதான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஜனவரி மாதக் கமிட்டிக் கூட்டத்தில், கணக்கு வாசிப்பதற்கு முன்பாக, ஆயரின் ஓய்வு நாட்களைத் தீர்மானமாக எழுதுங்கள். அந்த நாட்களில் நோயாளிகளைச் சந்திக்கப் போகிறவர் யார், அடக்க ஆராதனை வந்தால் பக்கத்துச் சபையிலிருந்து வருகிற ஆயர் யார், தொலைபேசியை எடுக்கிறவர் யார் என்று பெயரோடு குறியுங்கள்; பெயர் எழுதாத தீர்மானம் மறுபடியும் ஆயரின் தலையிலேயே வந்து விழும். திங்கட்கிழமைத் திருமணங்களுக்கும் அதே கூட்டத்தில் ஒரு வரம்பு வையுங்கள். ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து கதவைத் திறந்து, மணியடித்து, எல்லோரும் போன பிறகு விளக்கணைத்துப் பூட்டிப் போகிறவருக்கும் வாரத்தில் எந்த நாள் என்று அதே தாளில் எழுதிவிடுங்கள்.