மணி அடிப்பவரும் மணிக்கு ஓடுபவரும்

வணக்கம் நேயர்களே.

நான் பெரம்பூர்க்காரன். அப்பாவுக்கு மில் வேலை. எட்டாவது படிக்கும்போது ஒருநாள் அவர் சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த காகிதத்தை எடுத்து நீட்டி, "இதுல என்னடா போட்டிருக்கான்?" என்றார். சார்ஜ் மெமோ, அதாவது குற்றம் சாட்டி மில் கொடுத்த கடிதம். முழுக்க இங்கிலீஷ். 'இன்சபார்டினேஷன்' என்று நான் எழுத்துக்கூட்டிப் படிக்க, பக்கத்து வீட்டுச் சங்கத்துக்காரர் அர்த்தம் சொன்னார். மேஸ்திரியை எதிர்த்துப் பேசினாராம். அப்பாவா! வீட்டில் அம்மாவிடமே குரல் உயர்த்தாத மனுஷர். நாலு நாள் சஸ்பென்ஷனோடு தப்பித்தார்.

பிறகு சட்டம் படித்தேன். கொஞ்ச காலம் கறுப்புக் கோட்டு, மீதியெல்லாம் சாக்பீஸ்.

தொழிலாளர் சட்டத்தைப் பெரம்பூரிலிருந்துதான் தொடங்குவேன். ஊர்ப் பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1918 ஏப்ரலில் அந்த மில்காரர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. கூடவே நின்றார். மில்லை நடத்திய பின்னி கம்பெனி வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. 1926-ல் சங்கங்களுக்குப் பாதுகாப்பு தரும் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

அடுத்தது வகுப்பே சிரிக்கும் இடம். 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், தொழிலாளர் சட்டப்படி கல்விக்கூடமும் 'தொழில்'தான் என்றது உச்ச நீதிமன்றம். 1988-ல் சுந்தரம்பாள் வழக்கில், அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்றது. ஆக, அந்தத் தீர்ப்புகளின்படி மணி அடிக்கிற பியூன் தொழிலாளி. அந்த மணிக்கு ஓடுகிற வாத்தியார் இல்லை! எனக்கு இன்னும் அது செரிக்கவில்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தது. சூப்பர் மார்க்கெட்டில் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அட்டையில் 'அசிஸ்டன்ட் மேனேஜர்'. "மேனேஜருக்கெல்லாம் தொழிலாளர் சட்டம் கிடையாதாமே சார்?"

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னம்மா செய்வே?"

"பில் போடுவேன். கூட்டம் இல்லேன்னா ரேக்குல சரக்கு அடுக்குவேன்."

"உனக்குக் கீழே எத்தனை பேர்?"

"யாருமே இல்ல சார்."

அட்டையில் போட்டிருக்கும் பதவி பெரிதல்ல. கை செய்கிற வேலையைத்தான் கோர்ட் பார்க்கும்.

"பில்லுல உன் பேர் விழுமில்ல? தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது பழைய பில் இருந்தா, நாலஞ்சு வாங்கிட்டு வா" என்றேன்.