சுத்தாத ஃபேனும் நிக்காத ரூலும்: கிளிப்ஸ்ல ஒரு எக்ஸ்பர்ட் சிஸ்டம்

[திரை: சீலிங் ஃபேன், உறுமல் சத்தம்]

சுவிட்சைப் போட்டா ஃபேன் உறுமுது, ஆனா சுத்தல. குச்சியால றெக்கையை ஒரு தள்ளு தள்ளினா ஓடுது. எலக்ட்ரீஷியன் ஏணி எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவார்: "கெபாசிட்டர் போயிருக்கும்." அவர் மண்டைக்குள்ள ஓடின அந்தக் கணக்கை ரூலா எழுதி வைக்கறதுதான் எக்ஸ்பர்ட் சிஸ்டம்.

1970-கள்ல ஸ்டான்ஃபோர்டுல உருவான மைசின்ங்கற எக்ஸ்பர்ட் சிஸ்டம், ரத்தத்துல கிருமித் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக்னு சொல்ல இதையேதான் செஞ்சுது. அது ஒரு முடிவை எடுத்துக்கிட்டு, அதுக்கு ஆதாரம் இருக்கான்னு பின்னோக்கித் தேடும். லேப்ல நாம தொடப்போற கிளிப்ஸ், அதாவது எக்ஸ்பர்ட் சிஸ்டம் எழுதற மென்பொருள், நாசாவோட ஜான்சன் விண்வெளி மையத்துல 1985-ல பிறந்தது. அது தெரிஞ்ச விவரத்துல ஆரம்பிச்சு முன்னோக்கிப் போகும். வைவாவுல இதை மாத்திச் சொல்றவங்க நிறைய.

[திரை:
(டெஃப்ரூல் கெபாசிட்டர்
  (சத்தம் உறுமல்)
  (சுற்று இல்லை)
  =>
  (அசர்ட் (சந்தேகம் கெபாசிட்டர்)))]

அம்புக்குறிக்கு மேல நிபந்தனை, கீழ செயல். அசர்ட்னா புது விவரத்தைச் சேர்க்கறது. பாக்க இஃப்-எல்ஸ் மாதிரியே இருக்கும். அங்கதான் எல்லாரும் சறுக்கறாங்க. நீங்க எழுதின வரிசையில இது ஓடாது. எந்த ரூலோட நிபந்தனை எல்லாம் பொருந்துதோ, அது அஜெண்டாவுல, அதாவது ஓடக் காத்திருக்கற ரூல் பட்டியல்ல, ஏறும். அதுல மேல இருக்கறது முதல்ல ஓடும்.

ரன் கொடுத்தும் எதுவும் நடக்கலயா? முக்கால்வாசி நேரம் ரீசெட் விட்டுப் போயிருக்கும். டெஃப்ஃபேக்ட்ஸ்ல எழுதின ஆரம்ப விவரங்கள் (ஃபேக்ட்) ரீசெட் கொடுத்தாதான் உள்ள வரும். லோட், ரீசெட், ரன், இதுதான் வரிசை. ரீசெட்டுக்கு பதிலா க்ளியர் அடிச்சிடாதீங்க, ரூலும் சேர்ந்து போயிடும்.

[திரை: ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுகிறது]

அடுத்தது, நிக்காத ரூல். "ஃபேன் உறுமினா சோதனை எண்ணிக்கையில ஒண்ணு கூட்டு"ன்னு மாடிஃபை போட்டு எழுதறீங்க. மாடிஃபைங்கறது பழைய ஃபேக்டை நீக்கிட்டு மாத்தினதைப் புதுசா வைக்கற வேலை. புது ஃபேக்டுலயும் உறுமல் இருக்கு, நிபந்தனை மறுபடி பொருந்துது, ரூல் மறுபடி அஜெண்டாவுல ஏறுது. அதே ஃபேக்டுக்கு அதே ரூல் ரெண்டு தடவை ஓடாதுங்கற காப்பு இங்க உதவாது, ஏன்னா இது வேற ஃபேக்ட். "சோதித்தாச்சு இல்லை"ன்னு மேல ஒரு நிபந்தனை போட்டு, கீழ அதை "ஆம்"னு மாத்திடுங்க. சந்தேகமா இருந்தா வெறும் ரன் போடாம, ரன் 20-னு போட்டு, வாட்ச் ஃபேக்ட்ஸை ஆன் பண்ணிப் பாருங்க. எந்த ஃபேக்ட் வந்து வந்து போகுதுன்னு கண்ணுலயே தெரியும்.

வரிசை வேணும்னு ரூலுக்கு ரூல் சேலியன்ஸ், அதாவது முன்னுரிமை எண், கொடுக்கறது கெட்ட பழக்கம். -10000-லேர்ந்து 10000 வரைக்கும் கொடுக்க இடம் இருக்கு, அதுக்காக 10, 20, 30-னு அடுக்கினா நீங்க எழுதறது திரும்ப இஃப்-எல்ஸ்தான். (கட்டம் கேள்வி), (கட்டம் முடிவு)ன்னு இப்போ எந்தக் கட்டம்னு சொல்ற ஒரு ஃபேக்ட் வச்சு நடத்துங்க.

[திரை: கணக்கு]

இப்போ நம்பிக்கை எண், அதாவது ஒரு முடிவு எவ்வளவு உறுதின்னு சொல்ற எண். மைசின் முறை இது. கிளிப்ஸ்ல இது தானா வராது, நீங்கதான் ஃபேக்டுக்குள்ள அதுக்குன்னு ஒரு ஸ்லாட் (இடம்) வச்சு எழுதணும். உறுமலை வச்சு கெபாசிட்டர் மேல 0.6. தள்ளினா ஓடுதுங்கற ரூலுக்கு 0.8, ஆனா சொன்னவருக்கே அது 0.7 தான் உறுதி. ஆக 0.8 × 0.7 = 0.56. ரெண்டையும் அப்படியே கூட்டினா 1.16, ஒண்ணைத் தாண்டிடும். அதனால மீதி இருக்கற சந்தேகத்துல (1 - 0.6 = 0.4) மட்டும் சேர்க்கணும்: 0.6 + 0.56 × 0.4 = 0.824. ஒரே ரூல்ல ரெண்டு நிபந்தனை "மற்றும்"னு இருந்தா, ரெண்டுல சின்ன எண்ணை எடுங்க.

கடைசியா, ரூலை எங்கேர்ந்து எடுக்கறது? எலக்ட்ரீஷியன்கிட்ட "உங்க ரூல் என்ன"ன்னு கேட்டா "பழக்கம்தான் தம்பி"ம்பார். கடைசியா சரி பண்ணின மூணு ஃபேனைப் பத்திக் கேளுங்க. அப்போதான் வரும்: "கரண்டை நிறுத்திட்டு றெக்கையைக் கையால சுத்திப் பாப்பேன், இறுக்கமா இருந்தா பேரிங்." இறுகின பேரிங்கும் உறுமும், சுத்தாது. மேல எழுதின நம்ம ரூல் அங்க கெபாசிட்டர்னு தப்பாச் சொல்லும். அதுல (கைச்சுற்று லேசு)ன்னு மூணாவது நிபந்தனை சேருங்க.