கடைசியாக எத்தனை மணிக்கு?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில், குடியை விட்டவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது.

பெரியோர்களே, தாய்மார்களே, என்னோடு குடித்தவர்களே, என்னோடு நிறுத்தியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் குடியை விட்டு 7 ஆண்டுகள் ஆகின்றன என்று தலைவர் அறிமுகத்தில் சொன்னார். உண்மைதான், ஆனால் அது முழுக் கணக்கு அல்ல. அதற்கு முன்பே ஒருமுறை 14 மாதம் விட்டிருந்தேன். பிறகு 9 நாள் குடித்தேன். அந்த 9 நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். குடியை எப்படி விட்டேன் என்று மேடையேறிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். விட்ட பிறகு மறுபடி குடித்ததைச் சொல்லத்தான் ஆள் வருவதில்லை. அதனால் சறுக்கியவன் ஒவ்வொருவனும் உலகத்தில் தான் ஒருவன்தான் சறுக்கினேன் என்று நினைத்துக்கொண்டு தோப்பில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரத்துத் தென்னையில் இறக்கும் கள் வண்டி வண்டியாக மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே அந்தப் பக்கத்தார் கள்ளுக்காக இங்கே வருகிறார்கள். இங்கே மாதாமாதம் ஒன்றாம் தேதி மதுக்கடை கிடையாது. அன்றைக்கு நம்மவர்கள் எல்லை தாண்டிக் கோபாலபுரம் போய் டாஸ்மாக்கில் நிற்கிறார்கள். திருவள்ளுவர் நாளில் அங்கே அடைப்பு, கூட்டம் இந்தப் பக்கம் திரும்பும். இரண்டு மாநிலத்து அடைப்பு நாட்களும் எனக்கு ஒருகாலத்தில் மனப்பாடம். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் குடியை விட்டிருக்கிறார் என்றால், கடை இல்லாததால் விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. முழுக்க அவருடைய உழைப்பு அது. ஒருநாள் சறுக்கினார் என்பதற்காக அந்த உழைப்பு இல்லையென்று ஆகிவிடாது.

கார்த்திகை பிறந்தால் நம் தெருக்களில் கறுப்பு வேட்டிதான். 41 நாள் ஒரு சொட்டும் தொடமாட்டார்கள். நானும் மாலை போட்டவன். அதனாலேயே எனக்கு நோய் இருப்பதை நான் நம்பவில்லை. நினைத்தால் 41 நாள் நிறுத்துகிறவனைக் குடிநோயாளி என்று யார் சொல்வது? ஆனால் மாலை போடும் அன்றே, கழற்றும் தேதியும் என் மனத்தில் இருந்தது. விரதத்தை நான் குறைத்துப் பேசவில்லை, அது சாமிக்குச் செய்வது. குடிநோய்க்கு வைத்தியமாக அதை நினைத்ததுதான் என் பிழை.

அடுத்தது சத்தியம். தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். என் வீட்டில் என் மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அப்போது அவளுக்கு 6 வயது. எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டிருந்தாள். என் உள்ளங்கையில் அந்த எண்ணெய் ஒட்டியது.

14 மாதம் கழித்துப் பொள்ளாச்சிக்குக் கொப்பரைப் பணம் வாங்கப் போனேன். பேசிய தொகையில் பாதிதான் கொடுத்தார்கள். வாக்குவாதத்தில் மதியச் சாப்பாடு போயிற்று. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது பசி, கோபம், களைப்பு, பேச்சுத்துணைக்கு ஆளில்லாத தனிமை, நான்கும் என்னோடு இருந்தன. குடியை விட்டவர்களுக்கு ஆபத்தான நான்கு என்று சிகிச்சையில் சொல்லிக்கொடுப்பவை இவையேதான். எனக்கும் சொல்லியிருந்தார்கள். கோபாலபுரத்தில் இறங்கிவிட்டேன்.

முதல் டம்ளர் உள்ளே போனதும் என் உள்ளங்கையைப் பார்த்தேன். அந்த எண்ணெய் நினைவுக்கு வந்தது. சத்தியம் முறிந்தது, குழந்தைக்கு என்ன ஆகப்போகிறதோ என்று உடம்பு நடுங்கிற்று. அந்த நடுக்கத்தை அடக்கத்தான் இரண்டாவது டம்ளர். மறுநாள் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் மூன்றாவது. அப்படியே 9 நாள். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதைத்தான் விளக்கினார். ஒரு டம்ளர் பல நாள் குடியாக நீள்வதற்கு, "எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்" என்று குடித்தவன் தன்னைப் பற்றித் தீர்ப்பெழுதிக்கொள்வது பெரிய காரணம் என்றார். அவர் சொன்னதைப் பல ஆண்டுகள் கழித்து ஒருவர் எனக்கு விளக்கியபோது, என் கதையை யாரோ எழுதிவைத்தது போல இருந்தது. தயவுசெய்து குழந்தையின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். நிற்கிற வரை அது நிற்கும். முறிந்த அன்று ஆளை அடியோடு சாய்த்துவிடும்.

இன்னொன்று. என் சறுக்கல் அந்த மாலையில் தொடங்கியதல்ல. அதற்கு 3 வாரம் முன்பே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். தேங்காய்ப் பறிப்பு இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். பறிப்பு திங்கட்கிழமைதான். அந்தச் சிறிய பொய்யில் தொடங்கிற்று. உங்கள் வீட்டில் விட்டவர் ஒருவர் இருந்தால் வாயை முகர்ந்து பார்ப்பதை விடுங்கள், கூட்டத்துக்குப் போகிறாரா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பாருங்கள்.

ஒன்பதாம் நாள், என்னை முதன்முதலில் சிகிச்சைக்கு அழைத்துப்போன பெரியவர் தோப்புக்கு வந்தார். திட்டுவார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பக்கத்தில் மட்டைமேல் உட்கார்ந்து, "தம்பி, கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தாய்?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. விடியற்காலை மூன்று மணி என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போதே கிளம்பலாம்" என்றார்.

அவர் ஏன் மணி கேட்டார் என்பது ஆஸ்பத்திரியில்தான் புரிந்தது. நாள்தோறும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கைநடுக்கம் தொடங்கிவிடலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். அதற்கு மருந்து இருக்கிறது, தயமின் என்ற பி1 ஊசியும் போடுகிறார்கள். ஆகவே தொடர்ந்து குடித்தவரை அறையில் பூட்டிவைத்துத் தெளிய வைக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் குழம்பில் குடியை நிறுத்தும் மாத்திரையைக் கலக்கவும் வேண்டாம். டைசல்பிராம் மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைகூட அந்த ஆபத்து உண்டு. மருத்துவர் சொல்லி, குடிப்பவரும் தெரிந்து சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது. பல மாதம் விட்டிருந்தவர் பழைய அளவையே ஒரே மூச்சில் குடிப்பதும் ஆபத்து. உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும்.

வெட்கத்தில் தலைகுனிந்து இருப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர், அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து அறுவை மருத்துவர் டாக்டர் பாப். குடியை விட்ட சில வாரங்களிலேயே ஒரு மருத்துவர் மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். இயக்கத்தைத் தொடங்கிய மற்றவரான நண்பர் பில் அவரைக் கைவிடாமல், அவர் வீட்டிலேயே தங்கிக் கவனித்தார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் அந்த இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அதன்பின் 1950-இல் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை. உலகமெங்கும் பரவிய ஓர் இயக்கம், சறுக்கி எழுந்த ஒருவரின் நாளிலிருந்து தன் வயதை எண்ணுகிறது.

நேரில் பேசத் தயங்குகிறவர்கள் 14416-க்கு, அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் அழைக்கலாம். எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் அதே எண்தான், தமிழிலும் பேசலாம்.

கூட்டம் முடிந்ததும் நான் இந்த வாசல் வேப்பமரத்தடியில் நிற்பேன். நேற்றிரவோ இன்று காலையோ குடித்தவர் யாராவது இங்கே இருந்தால் என்னிடம் வாருங்கள். காரணம் கேட்கமாட்டேன், சத்தியமும் வாங்கமாட்டேன். எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.