முகப்பருவுக்கு ஜெல் போட்டதும் பரு கூடுகிறதே, நிறுத்திவிடலாமா?

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பதினோராம் வகுப்பு படிக்கிற என் மகளுக்குத் தோல் டாக்டர் இரவில் தடவ அடாபலீன் ஜெல் எழுதினார். மூன்று வாரத்தில் பரு கூடி, தோலும் உரிகிறது. அதை நிறுத்திவிட்டு மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் போட்டோம். நாலே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அதையே தொடரலாமா?"

படித்ததிலிருந்து அந்த "நாலே நாள்" மனதைப் போட்டுக் குடைகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஜெல். ஆரம்ப வாரங்களில் சிலருக்குப் பரு கூடத்தான் செய்யும், தோல் காயும். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ஜெல்லை எவ்வளவு தடவ வேண்டும்? முழு முகத்துக்கும் சேர்த்தே ஒரு பட்டாணி அளவுதான். பரு மேல் மட்டும் பொட்டு வைக்கக் கூடாது, ஈர முகத்தில் தடவக் கூடாது. உரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, கூடவே மாய்ஸ்சரைசர் தடவலாம். சிவந்து சீழ் வைத்த பருக்கள் நிறைய இருந்தால் பென்சாயில் பெராக்சைடு என்ற, பருக் கிருமியைக் கொல்லும் பூச்சு மருந்தையும் சேர்ப்பார்கள். அது பட்டால் துண்டு, தலையணை உறையெல்லாம் வெளுத்துவிடும், வெள்ளைத் துணியாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தாலும் பெரும்பாலும் மூன்று மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

சரி, அந்த க்ரீம். "தொடரலாமா" என்பதற்கு முன்னால் "அதில் என்ன இருக்கிறது" என்று கேட்டிருக்க வேண்டும். ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு உடனே அடங்கும், பருவுக்கான காரணம் அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் வெளியே தெரியும், பெண்பிள்ளைகளுக்குக் கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் பரு முன்னைவிட மோசமாக வரும். என்னிடம் வந்த ஒரு பையன் வெயிலில் நின்றாலே முகம் எரிகிறது என்றான். பள்ளிப் பையிலிருந்து சுருட்டிய ட்யூப் ஒன்றை எடுத்து நீட்டினான். அதே சரக்குதான். 2018லேயே இந்த மாதிரி க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. இன்னும் கேட்டால் கொடுக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அம்மா, நாலு நாளோடு கேட்டீர்களே, அது நல்லது. இன்றே நிறுத்துங்கள். ட்யூபைத் தூக்கிப் போடாமல் அதே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். ஜெல்லை எப்போது, எவ்வளவு இடைவெளியில் மறுபடி தொடங்குவது என்று அவர் சொல்வார். மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், ஹார்மோன் பார்க்க வேண்டியிருக்கும்.