மெண்டலீவ் விட்டுவைத்த இடங்கள்

மாணவர்களே, உங்கள் வேதியியல் புத்தகத்தில் 118 தனிமங்களையும் கட்டம் கட்டமாக ஒரே பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். பார்த்ததுமே பலரும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறோம். அதற்கு முன்னால், அந்தக் கட்டங்கள் ஏன் அப்படி அமைந்தன என்று பார்த்துவிடுவோம்.

தனிமம் என்பது ஒரே வகை அணுக்களால் ஆன பொருள். இரும்பு, தங்கம், ஆக்சிஜன் எல்லாம் தனிமங்கள். தண்ணீர் தனிமம் இல்லை. மின்சாரம் செலுத்தி அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடலாம். அந்த ஆக்சிஜனை எந்த வேதிவினையாலும் மேற்கொண்டு பிரிக்க முடியாது.

1869-ல் ரஷ்யாவில் மெண்டலீவ் என்ற வேதியியலாளர் இந்தத் தனிம அட்டவணையின் முதல் வடிவத்தை வெளியிட்டபோது தெரிந்திருந்தவை 63 தனிமங்கள்தான். எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. அணு எடையையும் வேதிப் பண்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு அடுக்கினார். எடை ஏற ஏற, பண்புகள் திரும்பத் திரும்ப வந்தன. லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றுமே கத்தியால் வெட்டக்கூடிய உலோகங்கள். மூன்றுமே தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். மூன்றையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய துணிச்சல். பண்பு பொருந்தாத இடத்தில் எதையாவது திணிக்காமல், அந்த இடத்தைக் காலியாகவே விட்டார். அலுமினியம் குடும்பத்தில் அப்படி ஓர் இடம். அங்கே வரவேண்டிய தனிமத்தின் அணு எடை சுமார் 68, அடர்த்தி (ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்பது) சுமார் 5.9 என்று 1871-லேயே எழுதிவைத்தார். 1875-ல் பிரான்ஸில் புவாபோத்ரான் துத்தநாகத் தாதுவிலிருந்து கேலியத்தைக் கண்டுபிடித்தார். அளந்து பார்த்தால் அடர்த்தி 4.7. மெண்டலீவ் விடவில்லை. உங்கள் மாதிரியில் கலப்பு இருக்கும், சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். அப்படியே செய்தார்கள், 5.9 வந்தது! கண்ணால் பார்க்காத ஓர் உலோகத்தைப் பற்றி, கையில் வைத்திருந்தவரைவிடச் சரியாகச் சொல்லியிருக்கிறார், பாருங்கள். அப்புறம் 1879-ல் ஸ்காண்டியம், 1886-ல் ஜெர்மேனியம் என்று அவர் விட்ட வேறு சில இடங்களும் நிரம்பின.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுடையது 126.9. எடைப்படி அயோடின்தான் முன்னால் வரவேண்டும். ஆனால் அதன் குணமெல்லாம் குளோரின், புரோமினுடையது. மெண்டலீவ் குணத்தை நம்பி அயோடினைப் பின்னால் வைத்தார். அது சரிதான் என்பதற்கான காரணம் 1913-ல் கிடைத்தது. இங்கிலாந்தில் மோஸ்லி என்ற இளைஞர், தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, வரிசையைத் தீர்மானிப்பது அணு எண் என்று காட்டினார். அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை அது. டெலூரியம் 52, அயோடின் 53.

எண் கிடைத்ததும், இன்னும் யார் யார் வரவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. 43, 61, 72, 75 ஆகிய இடங்கள் காலி. மோஸ்லி 1915-ல், முதல் உலகப்போரின்போது துருக்கியில் நடந்த கலிப்போலி போரில், 27 வயதிலேயே இறந்துபோனார். 72-ஆவதான ஹாஃப்னியம் 1923-லும், 75-ஆவதான ரீனியம் 1925-லும் கிடைத்தன. 43, 61 இரண்டுக்கும் நிலையான அணுக்கருவே கிடையாது. அவற்றை இயற்கையில் தேடியவர்களுக்கு ஏமாற்றம்தான். 43-ஆவதான டெக்னீசியம் 1937-லும் 61-ஆவதான புரோமீத்தியம் 1945-லும் அணுக்கரு வினைகளில் உருவானவற்றிலிருந்துதான் அடையாளம் காணப்பட்டன.