கல்நார் கூரையும் எலிகள் சொன்ன சாட்சியமும்
(தருமபுரி வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, கூட்டத்துக்கு இடம் தந்த நூலகப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பாலக்கோட்டிலிருந்தும் பாப்பாரப்பட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த செயலாளர் அவர்களுக்குத் தனி நன்றி.

கல்நார் என்பது ஆஸ்பெஸ்டாஸ், நுண்ணிய இழைகளாலான கனிமம், நம் கூரை ஷீட்டுகளில் சிமென்டோடு கலந்திருப்பது. அது உடலுக்குள் செய்யும் வேதி மாற்றம், சட்டம், கூரையை இறக்கும் முறை என மூன்றையும் பேச வந்தேன். முளையில் கிள்ளாததை முற்றியபின் கோடாலி கொண்டுதான் வெட்ட வேண்டும்.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் டொயோகுனி குழுவினர் நீலம், பழுப்பு, வெள்ளை ஆகிய மூன்று வகைக் கல்நாரையும் எலிகளின் வயிற்றுக்குள் செலுத்தினார்கள். 2012இல் முடிவு வெளியானது. மூன்றுமே மீசோதீலியோமா என்னும், நுரையீரலையும் வயிற்றறையையும் சூழ்ந்த சவ்வில் வரும் புற்றுநோயை உண்டாக்கின. நீலக் கல்நாரின் எடையில் கால் பங்குக்கு மேல் இரும்பு. வெள்ளையில் இரும்பு மிகக் குறைவு. அதனால் அது சாது என்று விற்பவர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் அது சிவப்பணுக்களை உடைத்து, ரத்தத்திலிருக்கும் இரும்பையே தன்மேல் சேர்த்துக்கொள்கிறது. நீண்ட இழையை விழுங்க முயன்று தோற்கும் வெள்ளணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்குகின்றன. இரும்போடு அது சேரும்போது பிறக்கும் ஹைட்ராக்சில் என்னும் வேதித் துணுக்கு மூர்க்கமானது, டிஎன்ஏவையே தாக்கும். செல் பெருக்கத்துக்குக் கடிவாளமான சிடிகேஎன்2ஏ மரபணு பெரும்பாலான கட்டிகளில் அடியோடு அழிந்திருந்தது. மனிதருக்கு வரும் மீசோதீலியோமாவிலும் இதே மரபணு அடிக்கடி காணாமல் போகிறது.

ஷீட் உடையும்போது இந்த இழைகள் தூசியோடு மூச்சுக்குள் போகின்றன. எங்கள் ஊர்ப் பழைய சத்துணவுக் கூடத்தின் கல்நார் ஷீட்டுகளைப் பிரித்த நாளைச் சொல்ல வேண்டும். மேலிருந்து ஆட்கள் தள்ளிவிட, கீழே ஷீட்டுகள் சுக்குநூறாகின்றன. பிள்ளைகள் துண்டுகளைப் பொறுக்கி எறிந்து விளையாடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து, மிச்சமிருந்த அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திரு பாட்டி, வேலை நடக்க வேண்டும்" என்றார் மேஸ்திரி.

"கேழ்வரகு தூற்றும்போதே காற்று பார்த்துத்தான் நிற்போம். இந்தப் பிள்ளைகளை எந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறாய் தம்பி?"

"வெறும் சிமென்ட் பாட்டி."

"அப்படியானால் உன் பேரனைக் கூட்டிவந்து இங்கே உட்காரவை."

மேஸ்திரிக்குப் பேச்சு வரவில்லை. பாட்டி எழவும் இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. ஷீட்டுகளை நனைத்து, ஆணி கழற்றி, முழுசு முழுசாக இறக்கினார்கள். அந்தப் பாட்டி டிஎன்ஏ என்ற பெயரைக் கேட்டதில்லை. முளையில் கிள்ளத் தெரிந்தவர்!

நோய் தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகின்றன. கல்நார்த் தொழிலாளரின் மருத்துவப் பதிவுகளை 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்தது. நம் ஊரில் ஷீட் அறுக்கும் கூலியாளுக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது? வெள்ளைக் கல்நார் இன்றும் இறக்குமதியாகிறது.

பள்ளி, அங்கன்வாடிக் கூரைகளை விடுமுறையில், நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். உலர்ந்த ஷீட்டை இயந்திரத்தால் அறுப்பதைத் தடுக்க வேண்டும். இதைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கிறோம். கையெழுத்தோடு, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூரை எதனால் ஆனது என்பதையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.