கேட்கத் தெரிந்த ஊர்

(சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, சனசமூக நிலையத்தின் நிர்வாகிகளே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, பின்னால் மாமரத்தடியில் நின்றபடி கேட்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கலையும் ஊரும் என்ற பொருளில் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பொருளை எடுத்தவர்கள் வழக்கமாகக் கலைஞர்களின் பெருமையைச் சொல்லி முடிப்பார்கள். அவர்களுக்கு எதிரே மணலில் இருந்து கேட்டவர்களைப் பற்றிப் பேச எனக்கு நெடுநாளாக ஆசை. யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் கலை வளர்ந்ததற்கு அவர்களே முதற் காரணம் என்பதும், இன்று நாம் இழந்துகொண்டிருப்பது அவர்களையே என்பதும் என் துணிபு.

இங்கிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இணுவிலும் அளவெட்டியும் இருக்கின்றன. 1933 இல் இணுவிலில் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தமிழ்நாட்டின் பெரும் நாதஸ்வர வித்துவான்களே விரும்பி அழைத்துத் தம் பக்கத்தில் இருத்தினார்கள். அந்த வித்தை அவருக்குத் தந்தையாரிடமிருந்தும் குருமாரிடமிருந்தும் வந்தது. கூர்மை பெற்றதோ கோயில் வெளிவீதியில். மேளச்சமா நடக்கும் திருவிழா இரவில் நாலைந்து கூட்டம் மேளகாரர் அடுத்தடுத்து வாசிக்க, எதிரே இருந்தவர்களில் பெரும்பாலானோர் தோட்டக்காரர். விடிந்தால் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைக்க வேண்டியவர்கள். அவர்கள் எந்த இசைப் பள்ளிக்கும் போனதில்லை. ஆயினும் தவிற்காரர் எடுத்த கணக்கு எங்கே வந்து விழ வேண்டும் என்று தொடையில் தட்டியபடி காத்திருந்து, அது சரியாக வந்து விழுந்த கணத்தில் தலையை அசைத்தார்கள். விழாவிட்டால் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனத்தை வித்துவான்கள் அறிவார்கள். பத்திரிகை விமர்சனம் எதுவும் தர முடியாத கண்டிப்பு அதில் இருந்தது.

தோட்டக்காரருக்கு இந்தக் காது எப்படி வந்தது? ஆண்டு முழுவதும் கேட்டதால் வந்தது. ஒரு கோயிலின் கொடியேற்றம் முடிந்தால் அடுத்த ஊரில் கொடியேறும். பத்து நாள், பதினைந்து நாள், நல்லூரில் 25 நாள். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் அல்லது தொழிலாளர் குழுவின் உபயம். நேற்றைய உபயகாரர் அழைத்த மேளத்தைவிட நல்ல மேளம் பிடிக்க வேண்டும் என்ற போட்டி இருந்தது. வீண் ஆடம்பரம் என்று அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அந்தப் போட்டிதான் பெரிய வித்துவான்களை மிகச் சிறிய ஊர்களுக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

செவிக்கு இன்னொரு பயிற்சி புராணப் படிப்பில் கிடைத்தது. கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு படிக்க, மற்றவர் அதைப் பிரித்துப் பயன் சொல்வார். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம் படிக்கப்படும். பல ஊர்களில் இது இன்றும் நடக்கிறது, கேட்பவர் தொகைதான் குறைந்துவிட்டது. அந்நாளில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள்கூடச் செய்யுளை மனத்தில் வைத்திருந்தார்கள். படிப்பவர் சீரைத் தவறவிட்டால் திண்ணையிலிருந்து திருத்தம் வரும். 1847 டிசம்பர் 31 ஆம் திகதி ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் வசந்த மண்டபத்தில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தபோது, ஒருவர் சொல்லப் பலர் அமர்ந்து கேட்கும் பழக்கம் அந்தச் சபைக்கு முன்னமே இருந்தது. தமிழில் மேடைப் பேச்சு என்று நாம் இன்று போற்றும் கலை, பயன் கேட்டுப் பழகிய அந்தச் செவிகளின் முன்னால்தான் வேர் கொண்டது என்று நான் நம்புகிறேன்.

நாடகத்திலும் இதையே காண்கிறோம். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து தமது வசந்தகான சபாவோடு ஊர் ஊராகச் சென்று அரிச்சந்திர மயான காண்டத்தை எத்தனையோ ஆண்டுகள் மேடையேற்றினார். சந்திரமதி பிள்ளையைச் சுமந்துகொண்டு சுடலைக்கு வருவாள் என்பது கொட்டகையில் இருந்த குழந்தைக்கும் தெரியும். கதை தெரிந்தவர்கள் மீண்டும் மீண்டும் வந்தது ஏன்? இன்றைக்கு அவர் அந்த விருத்தத்தை எப்படி எடுக்கப் போகிறார், எந்த இடத்தில் குரலை அடக்கப் போகிறார், வாக்குவாதத்தில் புதிதாக எதைச் சேர்க்கப் போகிறார் என்பதைக் கேட்க வந்தார்கள். என்ன நடக்கும் என்ற ஆவல் ஒருமுறையோடு தீர்ந்துவிடும்; எப்படி நடக்கும் என்ற ஆவலுக்கு முடிவே இல்லை. அந்த ஆவலோடு இருந்த சபை முன்னால் ஒரு நடிகர் ஒவ்வோர் இரவும் தம்மைப் புதுப்பித்தே ஆக வேண்டும். மாரியம்மன் கோயில்களில் நேர்த்திக்காக ஆடப்படும் காத்தவராயன் கூத்திலும் அப்படியே. காத்தவராயன் கழுமரம் ஏறுகின்ற விடியற்காலை வேளைக்குப் பாயில் உறங்கிய பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்பினார்கள். அடுத்த தலைமுறையின் சபை அந்தத் தட்டலில் உருவானது.

சுன்னாகத்தில் நின்று பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சந்தைக்கும் புகையிரத நிலையத்துக்கும் பெயர்பெற்ற இந்தச் சிறு பட்டினத்தில் குமாரசுவாமிப் புலவர் இருந்து தமிழ் ஆய்ந்தார். 1930 இல் நா. பொன்னையா இங்கிருந்தே ஈழகேசரியை வெளியிட்டார். தலைநகரம் எங்கோ இருக்க, ஒரு சந்தைப் பட்டினத்திலிருந்து வந்த வார இதழ் ஈழத்தின் நவீன எழுத்துக்குக் களம் ஆயிற்று. வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் சூழ இருந்து கேட்டு வாதிட்ட காலத்தை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்தச் சபை எல்லோருக்கும் திறந்திருந்தது என்று நான் சொன்னால் அது பொய்யாகும். கோயில் வீதியில் யார் எங்கே நிற்கலாம், யார் உள்ளே வரலாம், யார் உபயம் செய்யலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கூத்தை விடியும்வரை ரசித்தவர்கள், ஆடிய கலைஞரின் வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்தார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் நின்றபோது கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. அந்தப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ நாடகத்தை அம்பலத்தாடிகள் குழுவினர் காத்தவராயன் கூத்தின் மெட்டிலும் ஆட்டத்திலும் மேடையேற்றினார்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் தம் இரவுகளில் காத்துவைத்த வடிவமே அவர்களுடைய வழக்கை ஊருக்கு எடுத்துச் சொன்னது. பெண்களும் பல காலம் ஒதுக்கப்பட்ட பக்கத்திலிருந்து பார்ப்பவர்களாகவே இருந்தார்கள்; பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பழைய சபையை நாம் திரும்பப் பெறுவதென்றால், இந்த வேலிகளைப் பிடுங்கிவிட்டே பெற வேண்டும். இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

பின்னர் போர் வந்தது. 1990 இல் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி மக்கள் ஊரோடு பெயர்ந்தார்கள். 1995 அக்டோபர் 30 இரவு நம் வலிகாமப் பகுதி முழுவதும் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தது. கவிஞன் தனியாக ஓர் அகதி முகாமில் இருந்து எழுதலாம். கூத்துக்கு அதைப் பழக்கும் அண்ணாவியாரும், பிற்பாட்டுக்காரரும், ஆர்மோனியக்காரரும், ஒரே ஒழுங்கையில் வளர்ந்து ஒருவர் அடியை ஒருவர் அறிந்த ஆட்டக்காரரும் வேண்டும். ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில், ஒருவர் மண்ணுக்குள் என்று ஆகிவிட்டால் பாட்டு எழுதிய கொப்பி கையில் இருந்தும் கூத்து இல்லை. பார்த்தவர்களும் அவ்வாறே சிதறினார்கள்.

நம்மவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து, படித்தவர்கள் அதைக் கண்டு கூசிய காலத்தை முடித்து வைத்தார். 1965 இல் மரியசேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் குண்டுகளுக்கு நடுவிலும் இயங்கியது. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். இன்று நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடம். மருதனார்மடத்தில் இசைக்கும் நடனத்துக்கும் பட்டப் படிப்பு. வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளுக்கு வீட்டுக்கு வீடு பிள்ளைகள் தோற்றுகிறார்கள். கற்பவர் தொகை என் இளமையில் இருந்ததைவிட மிகக் கூடியிருக்கிறது.

ஆகவே குறை வேறிடத்தில் இருக்கிறது. பரீட்சைக்காகப் பாடக் கற்ற பிள்ளை, சான்றிதழ் கிடைத்த பிறகு மற்றொருவர் பாடுவதைக் கேட்க வருவதில்லை. அரங்கேற்றத்துக்கு வந்த பெற்றோர் தம் பிள்ளையின் உருப்படி முடிந்ததும் எழுந்துவிடுகிறார்கள். ரியூசனுக்கும் ரியூசனுக்கும் இடையில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளை எதைக் கேட்டுப் பழகும்? புலம்பெயர்ந்த உறவுகள் அன்போடு அனுப்பும் பணத்தில் மண்டபங்கள் எழுகின்றன, கோபுரங்கள் உயர்கின்றன, திருவிழாவில் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் பெருகுகின்றன. அந்த அன்பை நான் மதிக்கிறேன். வெளிவீதியில் நான்கு திசையிலும் ஒலிபெருக்கி அலற, ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தவில் வாசிப்பவரின் விரலொலி யாருக்குக் கேட்கும் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். மண்டபத்துக்குப் பணம் தர முன்வருபவர்களிடம் நான் வேண்டுவது, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மாலைப் பொழுதுகளுக்கு ஒதுக்குங்கள் என்பதே: கலைஞருக்கு உரிய சன்மானம், வந்தவர்களுக்குத் தேநீர், விளக்கம் சொல்ல ஒருவர். இவ்வளவு போதும்.

அதன்படி இந்த நிலையத்தின் நிர்வாகத்தோடு பேசி ஓர் ஒழுங்கு செய்திருக்கிறோம். ஒவ்வொரு போயா நாளும், அதாவது பூரணை விடுமுறை நாளும், மாலையில், இதே முற்றத்தில், ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு நிகழ்வு நடக்கும். ஒரு மாதம் தவிலும் நாதஸ்வரமும், ஒரு மாதம் புராணப் படிப்பு, ஒரு மாதம் கூத்திலிருந்து ஒரு பகுதி. வாசித்தவர், படித்தவர், ஆடியவர் நிகழ்வு முடிந்ததும் எழுந்து போகமாட்டார். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு இருந்து மறுமொழி சொல்வார். கதிரை போடப்போவதில்லை, பாய்தான். முன்னிடம், பின்னிடம் என்று யாருக்கும் ஒதுக்கீடும் இல்லை. தனியார் வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அந்த ஒரு மாலைக்கு வகுப்பு வைக்க வேண்டாம் என்று இந்தச் சபையின் முன்னிலையில் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகாதீர்கள். பக்கத்தில் இருந்து கடைசிவரை கேளுங்கள். முதல் நிகழ்வு வரும் போயா அன்று, தவிலோடு தொடங்குகிறது.

வணக்கம்.